கியர் சைக்கிளுக்கு மட்கார்டு: விற்பதோடு வேலை முடிவதில்லை

புரட்டாசி முடிந்து வானம் கறுக்கத் தொடங்கினால் சைக்கிள் கடைக்காரர்களாகிய நமக்குச் சில சரக்குகள் தாமாகவே நகரும். பிரேக் கட்டை, டயர், சீட் கவர் ஆகியவற்றோடு மட்கார்டும் அதில் ஒன்று. ஆனால் கடந்த சில ஆண்டுகளாக மட்கார்டு கேட்டு வருகிறவர் வேறு ஆளாக இருக்கிறார். பால்காரரோ, தபால்காரரோ, தறிப்பட்டறைக்குப் போகிறவரோ அல்லர். விலை உயர்ந்த கியர் வண்டி வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி நூறு, இருநூறு கிலோமீட்டர் போய்விட்டு வருகிறவர். "அண்ணாச்சி, இதுக்கு மட்கார்டு இருக்குங்களா?" என்று வண்டியையே கடை வாசலில் நிறுத்திக் கேட்கிறார்.

நம்மில் பலர் என்ன செய்கிறோம்? மேலே தொங்கும் சரக்கில் ஏறக்குறையப் பொருந்துவது போலத் தெரியும் ஒரு ஜோடியை இறக்குகிறோம். கடைப் பையன் கால் மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிடுகிறான். அடுத்த வாரமே அவர் திரும்பி வருகிறார். டயர் உரசுகிறது, கடகடவென்று சத்தம் வருகிறது, கம்பி கழன்றுவிட்டது, அல்லது மட்கார்டே இரண்டாக விரிந்துவிட்டது என்கிறார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் நஷ்டம், கொடுக்காவிட்டால் ஆளே நஷ்டம். அதன் பிறகு அவர் செல்போனில் ஆர்டர் போட்டு வாங்கிக்கொண்டு, மாட்டுவதற்கு மட்டும் வேறு கடைக்குப் போகிறார்.

இதில் சரக்கின் மேல் மட்டும் பழி போடுவது சரியாகாது என்பது நம் கருத்து. பெரும்பாலும் தவறு நடப்பது இரண்டு இடங்களில்: விற்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளை நாம் கேட்பதில்லை, மாட்டும்போது பழைய ரோட்ஸ்டர் வண்டிக்கு மாட்டுவது போலவே மாட்டுகிறோம்.

பழைய வண்டியில் மட்கார்டு ஒரு தனிச் சரக்கே அல்ல. அம்பத்தூரிலிருந்து வந்தாலும் லூதியானாவிலிருந்து வந்தாலும் 28 x 1½ டயர் போட்ட கறுப்பு ரோட்ஸ்டருக்கு ஃபிரேம், ஃபோர்க், மட்கார்டு மூன்றும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்தே செய்யப்பட்டவை. துளை வர வேண்டிய இடத்தில் துளை இருக்கும். வளைவு சக்கரத்துக்கு ஏற்றதாக இருக்கும். கம்பியின் முனையில் இருக்கும் வளையத்தை ஆக்ஸிலில் கோத்து நட்டைத் திருகினால் பெரும்பாலான வண்டிகளில் வேலை தீர்ந்தது. துருப்பிடித்ததைக் கழற்றி அதே போன்ற புதியதை வைப்பதுதான் நம் மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த வேலை. மட்கார்டு இல்லாத வண்டிக்குப் புதிதாக மட்கார்டு அமைப்பது என்பது அவர்கள் கையில் பழகிய வேலை அல்ல.

இப்போது வரும் கியர் வண்டிகள் மலைப்பாதை வண்டியையும் பந்தய வண்டியையும் பார்த்து உருவானவை. எடை குறைய வேண்டும், பார்வைக்கு ஒல்லியாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்கார்டு, கேரியர், செயின் கவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். கடையில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மழையில் முதல் பத்து கிலோமீட்டர் போனவுடன் முதுகில் சேற்றுக்கோடு விழும்போதுதான் வாங்கியவருக்கு விஷயம் தெரிகிறது.

இவர்களில் ஒரு பகுதியினர் 'பிரவே' எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களில் கலந்துகொள்கிறவர்கள். 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300ஐ 20 மணியிலும், 400ஐ 27 மணியிலும், 600ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டும். இதில் போட்டி கிடையாது, பரிசும் கிடையாது. நேரத்துக்குள் முடிப்பதுதான் கணக்கு. இரவானாலும் மழையானாலும் ஓட்டியாக வேண்டும். இப்படிப்பட்டவருக்கு மட்கார்டு அலங்காரப் பொருள் அல்ல. நடுவழியில் அது உரசினாலோ கழன்றாலோ, ராத்திரி இரண்டு மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் டார்ச் வெளிச்சத்தில் அவர் நினைத்துக்கொள்வது நம்மைத்தான்!

மட்கார்டு எதைக் காப்பாற்றுகிறது?

சட்டையை என்று பதில் சொல்வோம். அது பாதிதான் உண்மை. பின் மட்கார்டு ஓட்டுபவரின் முதுகையும் பின்னால் வருகிறவரின் முகத்தையும் காக்கிறது. வண்டியைக் காப்பது முன் மட்கார்டு. முன்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரும் மணலும் நேராகப் போய் விழுவது எங்கே என்று பாருங்கள்: பெடல் கட்டை உட்காரும் பி.பி. கப்பு, செயின், முன் கியர் பற்கள், ஓட்டுபவரின் பாதம். நம் சாலை ஓரங்களில் மழைக்காலத்தில் நிற்பது வெறும் தண்ணீர் அல்ல, அரைத்த மணல். அது எண்ணெயோடு கலந்து செயினில் ஒட்டினால் உப்புத்தாள் போல வேலை செய்யும். கியர் வண்டியின் செயினும் பற்சக்கரங்களும் என்ன விலை என்று நமக்குத் தெரியும். ஆகவே "பின்னால மட்டும் போட்டா போதும்" என்று கேட்பவருக்கு இதை எடுத்துச் சொல்வது வியாபாரத்துக்காகச் சொல்வது ஆகாது.

சீட்டுக் குழாயில் கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டையும் மட்கார்டு என்ற பெயரில்தான் வருகிறது. மாட்டுவது சுலபம், விலையும் குறைவு. முதுகைக் காக்கும், வேறெதையும் காக்காது. ஊருக்குள் ஓட்டுபவருக்கு அது போதும். நெடுந்தூரம் போகிறவருக்கு அதைக் கொடுத்துவிட்டு முழு மட்கார்டு கொடுத்ததாக நினைக்க வேண்டாம்.

அளவு என்னும் சிக்கல்

மொத்த வியாபாரிகள் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான். '28 இஞ்ச்' என்று சொன்னால் நமக்கு நினைவு வருவது ரோட்ஸ்டர். வெளிநாட்டுச் சரக்கின் அட்டைப் பெட்டியில் '28' என்று இருந்தால் அது பெரும்பாலும் 700சி சக்கரத்தைக் குறிக்கும். இரண்டும் ஒன்றல்ல. '26'இலும் இதே குழப்பம் உண்டு. மலைப்பாதை வண்டியின் 26 வேறு, 26 x 1⅜ வேறு. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கென்றே டயரின் பக்கவாட்டில் இன்னொரு எண் பொறித்திருக்கிறார்கள்: 37-622, 40-635, 54-584 என்பது போல. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் குறுக்களவு; இரண்டும் மில்லிமீட்டரில். ரோட்ஸ்டரின் 28 x 1½ என்பது 635. 700சி, 29 இஞ்ச் இரண்டும் 622. 26 x 1⅜ என்பது 590. 27.5 இஞ்ச் என்பது 584. மலைப்பாதை வண்டியின் 26 என்பது 559. பேர் எதுவாக இருந்தாலும் இந்த எண் பொய் சொல்லாது. கவுண்ட்டரில் இருக்கும் பையனுக்கு வேறு எதைச் சொல்லிக் கொடுக்காவிட்டாலும் இந்த எண்ணைப் படிக்கச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

டயர் விற்கும்போது இந்த எண் அப்படியே பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் ஏறாது. மட்கார்டு விஷயத்தில் கணக்கு கொஞ்சம் மாறும். மட்கார்டு பார்ப்பது ரிம்மை அல்ல, டயரின் வெளி விளிம்பை. ரிம்மின் அளவோடு டயரின் உயரத்தை இரண்டு முறை கூட்டினால் சக்கரத்தின் மொத்தக் குறுக்களவு வரும். டயரின் உயரம் ஏறத்தாழ அதன் அகலமே. 700 x 35 டயருக்கு 622உடன் 70 கூட்டினால் 692. 27.5 x 2.1 டயருக்கு 584உடன் 108 கூட்டினாலும் அதே 692! பெயரில் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் இரண்டு சக்கரங்களும் வெளியளவில் ஒன்றாகவே நிற்கின்றன. அதனால் 700சி மட்கார்டின் வளைவு 27.5 சக்கரத்துக்கும் பொருந்தும். ஆனால் அகலம் பொருந்தாது. ஒன்று 35 மில்லிமீட்டர் டயர், மற்றது 54. வளைவில் சிறிது வித்தியாசம் இருந்தால் கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துச் சரி செய்யலாம். அகலத்தில் உள்ள குறையை எந்த மெக்கானிக்காலும் சரி செய்ய முடியாது. ஆகவே மட்கார்டை வாங்கும்போதும் விற்கும்போதும் முதலில் அகலத்தைக் கேட்க வேண்டும், பிறகுதான் வளைவை.

அகலத்துக்கு நாம் வைத்துக்கொள்ளும் கணக்கு எளிது. டயரின் அகலத்தோடு குறைந்தது 10 மில்லிமீட்டர் சேர்த்தால் மட்கார்டின் அகலம். 35 டயருக்கு 45. 42 டயருக்கு 52க்குக் குறையாமல். இதற்குக் குறைந்தால் பக்கவாட்டில் தண்ணீர் தெறிக்கும், சக்கரம் கொஞ்சம் கோட்டம் போனாலும் உரசும். டயருக்கு மேலே விட வேண்டிய இடைவெளியும் அதே 10 மில்லிமீட்டர்தான், அதாவது சுண்டுவிரல் தாராளமாக நுழையும் அளவு. களிமண் பாதையில் போகிறவராக இருந்தால் இன்னும் கூடுதலாக விட வேண்டும். இல்லாவிட்டால் மண் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது.

இந்த இடைவெளி ஃபிரேமிலேயே இல்லாத வண்டிகள் உண்டு. 25 டயரோடு, டயரை ஒட்டினாற்போல் கவ்வும் பிரேக்குடன் வரும் பந்தய வகை வண்டியில் முழு மட்கார்டுக்கு இடமே கிடையாது. அப்படிப்பட்ட வண்டியைக் கொண்டு வருபவரிடம் "இதில் வராது" என்று சொல்லிவிடுவதே மேல். ரப்பர் வாரால் கட்டும் மெல்லிய வகையைக் காட்டலாம். அடித்துத் திணித்து மாட்டிக் கொடுத்து வாங்கும் காசு நமக்கு நிலைக்காது.

துளை இருக்கிறதா என்று பாருங்கள்

முழு மட்கார்டு பிடித்து நிற்பதற்கு வண்டியில் சில இடங்கள் வேண்டும். முன்னால், ஃபோர்க்கின் தலைப்பகுதியில் ஒரு துளை. கீழே ஆக்ஸில் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் இருபுறமும் மரை போட்ட சிறு துளைகள். பின்னால், சக்கரத்துக்கு மேலே இரண்டு குழாய்களை இணைக்கும் குறுக்குப் பாலத்தில் ஒன்று, பி.பி.க்குப் பின்னால் உள்ள பாலத்தில் ஒன்று, பின் ஆக்ஸில் அருகே இருபுறமும் ஒவ்வொன்று. ஆக்ஸில் அருகே உள்ள மரைத்துளைகள் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் போல்ட்டுக்கானவை. ஃபோர்க் தலையில் உள்ளது 6 மில்லிமீட்டர் போல்ட் போகும் அளவு. பெயிண்ட் அடைத்திருந்தால் மரையை ஒரு முறை டேப் விட்டுச் சுத்தம் செய்துவிட்டுப் போல்ட்டை ஏற்ற வேண்டும். அலுமினிய ஃபிரேமில் கோணலாக ஏற்றி மரையை அழித்துவிட்டால் ஃபிரேமுக்கே பதில் சொல்ல வேண்டி வரும்.

மரைத்துளை இல்லாத வண்டிக்கு ரப்பர் போர்த்திய கவ்வி போட்டுக் குழாயில் பிடிக்கலாம். ஆனால் ரோட்ஸ்டரில் செய்வது போல ஆக்ஸிலில் கம்பியைக் கோக்கிறேன் என்று இறங்கக் கூடாது. கியர் வண்டிகளில் பலவற்றில் நட்டு கிடையாது. கையால் மடக்கித் திறக்கும் நெம்புகோல்தான் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கிறது. அதற்கு நடுவில் கம்பி வளையத்தைச் செருகினால் பிடி சரியாக விழாது. ஓடும்போது சக்கரம் கழல்வதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கேரியரும் மட்கார்டும் ஒரே துளையைக் கேட்பதும் உண்டு. அப்போது கேரியரின் காலை ஃபிரேமை ஒட்டியும் மட்கார்டு கம்பியை அதற்கு வெளியேயும் வைக்க வேண்டும். சுமை தாங்குவது கேரியர்; அது ஃபிரேமிலிருந்து விலகி நின்றால் போல்ட் வளையும். இரண்டும் சேரும்போது நீளமான போல்ட் தேவைப்படும். வலது பக்கத்தில்தான் ஆபத்து. போல்ட் ஒரு மரை கூடுதலாக உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாலும், செயின் மிகச் சிறிய பல்லுக்கு இறங்கும்போது அதில் இடிக்கும். ஸ்டாண்டில் வைத்து எல்லாக் கியரையும் ஒரு முறை போட்டுப் பார்க்காமல் வண்டியை வெளியே விடக் கூடாது.

டிஸ்க் பிரேக் வண்டிகளில் இடது பக்கம் பிரேக் பெட்டி கம்பியின் வழியில் நிற்கும். கம்பியை வளைத்துத் திருப்பிவிடுவது நம் பழக்கம். அதைவிட ஒரு குழாய்த் துண்டை இடையில் வைத்து, நீளமான போல்ட் போட்டுக் கம்பியை வெளியே தள்ளி நிறுத்துவது நல்லது. எப்படிச் செய்தாலும் கம்பி டிஸ்க்கையோ பிரேக் வயரையோ தொடக் கூடாது.

மாட்டும் முறை

சக்கரம் நேராக இருக்கிறதா, டயரில் முழுக் காற்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். கோணலாக உட்கார்ந்த சக்கரத்துக்கு மட்கார்டை நேராக வைத்தால், பிறகு சக்கரத்தைச் சரி செய்யும்போது மட்கார்டு கோணலாகும்.

பின் மட்கார்டை முதலில் பி.பி. பாலத்திலும், பிறகு மேல் பாலத்திலும், கடைசியாகக் கம்பிகளிலும் பிடிக்க வேண்டும். எதையும் உடனே இறுக்க வேண்டாம். கையால் அசையும் அளவுக்கு விட்டு வைத்து, பின்னால் நின்று பார்த்து, டயருக்கு நடுவில் வருமாறு திருத்தி, அதன் பிறகு மேலிருந்து கீழாக இறுக்கிக்கொண்டு வர வேண்டும். முன் டிரெய்லரின் கவ்வி மட்கார்டின் ஓரத்தில் இடித்தால் அந்த இடத்தில் மட்டும் சிறிது அரத்தால் ராவிக் கொடுக்கலாம்.

இங்கே நாம் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. மட்கார்டை இழுத்துப் பிடித்துத் துளைக்குக் கொண்டுவந்து இறுக்கக் கூடாது. பாலத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே 8 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் 8 மில்லிமீட்டருக்கு வாசரோ கட்டையோ வைத்து நிரப்ப வேண்டுமே தவிர, போல்ட்டைத் திருகி மட்கார்டை மேலே இழுக்கக் கூடாது. அன்றைக்கு அது நன்றாகத்தான் தெரியும். ஆனால் அந்த இடம் எப்போதும் விறைப்பாகவே இருக்கும். சாலை அதிர்வில் நாள்தோறும் அந்த ஒரு இடம் மட்டும் வேலை வாங்கும். சில மாதங்களில் பிளாஸ்டிக் ரிவிட் அடித்த இடத்தில் விரியும், அலுமினியம் துளையைச் சுற்றிக் கீறல் விடும். "சரக்கு மட்டம்" என்று வாடிக்கையாளர் திட்டுவார், நாமும் மொத்த வியாபாரியைத் திட்டுவோம். விரிந்து வரும் மட்கார்டுகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், விரிசல் போல்ட்டைச் சுற்றித் தொடங்குவது தெரியும். பழைய ட்யூபை வட்டமாக வெட்டி வாசராக வைத்தால் சத்தமும் குறையும், உலோகத்தோடு உலோகம் தேய்வதும் நிற்கும். காசு செலவில்லாத வேலை.

முன் மட்கார்டு ஃபோர்க்குக்கு முன்னால் ஒரு சாண் அளவாவது நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகமாகப் போகும்போது முன்னே சிதறும் தண்ணீர் காற்றில் திரும்பி ஓட்டுபவர் முகத்திலேயே அடிக்கும். கீழ்ப்பக்கம் எவ்வளவு தாழ்வாக வருகிறதோ அவ்வளவு நல்லது. அந்த நீளம் கடையில் கிடைக்கும் மட்கார்டில் இருக்காது. ரப்பர் மடல் ஒன்றைச் சேர்த்து, தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரம் வரை இறக்கினால் பாதமும் பி.பி.யும் செயினும் பிழைத்தன. அதற்கு மேல் இறக்கினால் நம் ஊர் வேகத்தடைகள் அதைப் பிய்த்துவிடும். ஒரு காலத்தில் சொந்தக்காரர் பெயரும் பூவும் எழுதிய மடல் இல்லாத வண்டியே கிடையாது. அழகுக்கு என்று நாம் நினைத்ததில் இவ்வளவு உபயோகம் இருந்திருக்கிறது.

குள்ளமான ஃபிரேமில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வாடிக்கையாளரையே சீட்டில் உட்கார வைத்து, பெடலை முன்னால் கொண்டுவந்து, ஹேண்டில்பாரைத் திருப்பச் சொல்ல வேண்டும். ஷூவின் முனை மட்கார்டில் இடித்தால், வளைவில் மெதுவாகத் திரும்பும்போது கீழே விழ வாய்ப்பு உண்டு. கம்பியை ஒரு சுற்று உள்ளே தள்ளியோ மட்கார்டை வேறு அகலத்தில் மாற்றியோ பார்க்கலாம். அதற்கும் தீரவில்லை என்றால் அவரிடம் சொல்லியாவது அனுப்ப வேண்டும்.

கடைசியாக, கம்பியின் மிஞ்சிய முனைகளை ஆக்ஸா பிளேடால் வெட்டி, அரத்தால் ராவி, ரப்பர் தொப்பி போட வேண்டும். வெட்டாத கம்பி கெண்டைக்காலைக் கிழிக்கும். நட்டு எல்லாம் நைலான் வளையம் வைத்ததாக இருக்கட்டும். ஃபிரேமின் மரையில் நேராக ஏறும் போல்ட்டுக்கு, மரை இளகாமல் பிடிக்கும் நீல நிறப் பசை ஒரு சொட்டு.

முன்சக்கரக் கம்பி: விளையாட்டல்ல

மேலே சொன்னவற்றில் எதைத் தவறவிட்டாலும் நஷ்டம் காசோடு போகும். இதில் அப்படி அல்ல. சாலையில் கிடக்கும் ஒரு குச்சியோ கம்பியோ முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஏறினால், சக்கரம் சுற்றும் திசையில் அதை இழுத்துக்கொண்டு மேலே போகும். மட்கார்டு அப்படியே சுருண்டு ஃபோர்க்கின் அடியில் அடைத்துக்கொள்ளும். முன்சக்கரம் அந்த நொடியில் நின்றுவிடும். ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து போய்த் தலைகுப்புற விழுவார். கனமான இரும்பு மட்கார்டு போட்டு மெதுவாகப் போகும் ரோட்ஸ்டரில் நாம் இதை அதிகம் பார்த்ததில்லை. லேசான மட்கார்டு போட்டு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியில் இது உண்மையான ஆபத்து.

இதற்கு மாற்று இருக்கிறது. முன் மட்கார்டின் கம்பி முனையை ஃபோர்க்கில் நேராகப் போல்ட் போட்டுப் பிடிக்காமல், ஒரு பிளாஸ்டிக் கவ்வியில் செருகி வைப்பார்கள். இழுவை அதிகமானால் கம்பி கவ்வியை விட்டுத் தானாக விடுபட்டுவிடும்; மட்கார்டு தளர்ந்து கொடுக்கும், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஜெர்மனியின் எஸ்.கே.எஸ். போன்ற தயாரிப்பாளர்கள் தங்கள் முழு மட்கார்டுகளோடு இந்தக் கவ்வியைச் சேர்த்தே தருகிறார்கள். நம்மிடம் வரும் சரக்கில் சிலவற்றில் இது இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இருந்தும் "இது சும்மா ஆடுதே" என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போல்ட் போட்டு முறுக்கும் மெக்கானிக்குகளும் உண்டு. அப்படிச் செய்ய வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும். கொள்முதல் செய்யும்போதே மொத்த வியாபாரிகள் இந்தக் கவ்வி உள்ள ரகத்தைக் கேட்டு வாங்கினால் சில்லறைக் கடைக்காரருக்குப் பாதி கவலை தீரும்.

இதில் சட்டமும் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளால் ஏற்படும் தீங்குக்குத் தயாரிப்பாளரோடு விற்பனையாளரையும் பொறுப்பாக்குகிறது. அதன் 86ஆவது பிரிவை நம் உறுப்பினர்கள் ஒரு முறை படித்து வைத்துக்கொள்வது நல்லது. பொருளை விற்பனையாளர் மாற்றியமைத்து அதனால் தீங்கு நேர்ந்தாலும், பூட்டி மாட்டுவதிலும் சோதிப்பதிலும் நியாயமான கவனம் எடுக்காவிட்டாலும், தயாரிப்பாளர் சொன்ன எச்சரிக்கையை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் விட்டாலும் பொறுப்பு விற்பனையாளர் தலையில் விழக்கூடும். தயாரிப்பாளர் யார் என்று தெரியாத சரக்கை விற்றவருக்கும் அப்படியே. பாதுகாப்புக் கவ்வியைக் கழற்றிப் போட்டு மாட்டிக் கொடுப்பது எந்த வகையில் வரும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பேர் இல்லாத பிளாஸ்டிக் உறையில் வரும் மட்கார்டை நாலு ரூபாய் குறைவு என்று வாங்கி அடுக்கும்போதும் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரக்கும் கூலியும்

எந்த உலோகம் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். இரும்பு கனம், அடி தாங்கும், வளைந்தாலும் தட்டி நிமிர்த்தலாம். ஆனால் மடித்த ஓரத்தில் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும். அலுமினியம் லேசு, பார்வைக்கு அழகு, கீறல் விட்டால் சரி செய்ய முடியாது. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, மாட்டுவதும் எளிது, வெயிலில் வருடக்கணக்கில் நின்றால் நொறுங்கும். நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமேசுவரம் போன்ற கடற்கரை ஊர்களில் பிளாஸ்டிக் மட்கார்டும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும்தான் நம் சிபாரிசு.

நெடுந்தூர வண்டிகளுக்கு எல்லா அளவையும் அடுக்கத் தேவையில்லை. 700சிக்கு 45 அகலத்தில் ஒரு ரகம், 50க்கு மேல் ஒரு ரகம், 27.5க்கும் 29க்கும் 60க்கு மேல் அகலமுள்ள ரகம் ஒவ்வொன்று இருந்தால் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் போதும். மட்கார்டைவிட அவசியம் சில்லறைச் சாமான்: 5 மில்லிமீட்டர் போல்ட்டில் 12, 16, 20, 25 நீளங்கள், நைலான் நட்டு, பல கனங்களில் வாசர், குழாய்த் துண்டு, ரப்பர் கவ்வி, கம்பித் தொப்பி. பெட்டியோடு வரும் சிறு பொட்டலம் கைமாறும்போது எங்கேயாவது காணாமல் போய்விடும். அது இல்லாமல் ஒரு போல்ட்டுக்காக அரை நாள் வேலை நிற்கும். மொத்த வியாபாரிகள் இவற்றைத் தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால் அதுவே ஒரு சரக்காக ஓடும். சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதையும் விலைப்பட்டியல் போடும்போது கவனத்தில் கொள்ள வேண்டும்.

கூலியைப் பற்றி ஒரு வார்த்தை. முறையாக ஒரு ஜோடி மாட்டப் பழகின கைக்கே முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ரோட்ஸ்டர் மட்கார்டுக்கு வாங்கும் கூலியை இதற்கும் வாங்கினால் கட்டாது. கட்டாத வேலையை எந்த மெக்கானிக்கும் அவசரமாகத்தான் முடிப்பார். சரக்கின் விலை வேறு, மாட்டும் கூலி வேறு என்று பில்லில் பிரித்துப் போட்டு, முதலிலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. வேறு இடத்தில் வாங்கிய மட்கார்டைக் கொண்டு வருபவரையும் முகம் சுளிக்காமல் வரவேற்கலாம். கூலி நமக்குத்தானே?

மாட்டிய நூறு, இருநூறு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லாப் போல்ட்டுகளும் ஒரு முறை இளகும். அப்போது ஒரு நடை வந்து போகும்படி வாடிக்கையாளரிடம் சொல்லி, பில்லின் பின்பக்கத்திலும் எழுதிக் கொடுத்துவிடலாம். மறு இறுக்கலுக்கு ஐந்து நிமிடம் போதும், அதற்குக் காசு வாங்க வேண்டாம்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. தென்காசி, கன்னியாகுமரி, நீலகிரி பக்கத்து உறுப்பினர்களுக்கு ஜூனிலேயே மழை தொடங்கிவிடும். லூதியானாவுக்கோ இறக்குமதியாளருக்கோ ஆர்டர் போட்டு, சரக்கு வந்து, அளவு சரிபார்த்து, மெக்கானிக் இரண்டு வண்டிகளிலாவது மாட்டிப் பழகுவதற்கு நேரம் வேண்டும். அங்கேயுள்ளவர்கள் சித்திரையிலும் மற்றவர்கள் ஆடி பிறப்பதற்குள்ளும் ஆர்டரை அனுப்பிவிட வேண்டும்.